நான் சும்மா இருந்த அன்னைக்கு

அந்தப் பையக் கொஞ்சம் மடியில வச்சிக்கிடுதியளா அண்ணாச்சி? இல்ல இல்ல, எந்திரிக்க வேண்டாம், நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். சன்னல் பக்கம்னா எனக்குக் கொஞ்சம் நல்லது. வேண்டாம், நீங்களே இருங்க. சரி, தள்ளிட்டிய, அப்ப நான் உள்ள வந்துருதேன்.

மதுரைக்கு எத்தன மணிக்குப் போவும்னு உங்களுக்குத் தெரியுமா? கண்டக்டர்ட்ட கேட்டேன். "போறப்ப போவும்"னாரு. மூக்காலயே பேசுதாரு, கவனிச்சியளா? "போறப்ப போவும்." சீட்டக் கிழிக்கும்போது எடது தோளு மட்டும் மேல ஏறும். இப்ப பின்னால போயி அந்த அம்மாட்ட கிழிப்பாரு பாருங்க. ஏறுதா? ஏறிட்டா? சொன்னேன்லா.

அவசரம்லாம் ஒண்ணும் இல்ல. நான் ராசபாளையம் போறேன். அங்க ஒரு டீமுல கோச்சா வரச் சொல்லுதாவ. ஆமா அண்ணாச்சி, கோயில்பட்டில இருந்து ராசபாளையத்துக்கு மதுர சுத்துதான். எனக்குத் தெரியாதா? மதுரைல ஒரு சின்ன சோலி. சோலின்னுகூட சொல்ல முடியாது. சும்மா எட்டிப் பாத்துட்டு அப்படியே போயிரலாம்னு.

விசிலா? அது எப்பவும் கழுத்துல கெடக்கும். கழட்டுனா தாலி கழட்டுன மாதிரி இருக்குன்னு எம்பொண்டாட்டிட்ட சொன்னேன், அடிக்க வந்துட்டா. கபடி கோச்சு அண்ணாச்சி நான். போன வாரம் வரைக்கும் பனையடியூர் பொம்பளப்பிள்ளைய டீமுக்குக் கோச்சு. இப்ப இல்ல. எடுத்துட்டாவ.

எதுக்கு எடுத்தாவன்னு கேளுங்க. கேளுங்களேன். நான் சும்மா இருந்ததுக்கு. ஊருல எவனும் வேல பாக்காம சும்மா இருந்தா எடுப்பாவ, அது நியாயம். எனக்கு அன்னைக்கு வேலையே சும்மா இருக்கதுதான். "வாயத் தொறக்காம உக்காரு"ன்னாவ. உக்காந்தேன். உக்காந்ததுக்கு எடுத்துட்டாவ. இத எங்க போயி சொல்ல?

மொதல்ல இருந்து சொல்லுதேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும்.

எம்பேரு சொரிமுத்து. கபடி பாப்பியளா? டிவியிலயாவது பாத்திருப்பிய. பாடி வர்றவன் எதிராளு கட்டத்துக்குள்ள நிக்க வரைக்கும் மூச்சு விடாம கபடி கபடின்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். பாட்டு நின்னா அவுட்டு. அவன் நம்மாள ஒருத்தனத் தொட்டுட்டு, பாட்டு நிக்காம நடுக்கோட்டத் தாண்டித் திரும்பிப் போனாத்தான் அவனுக்குப் பாயிண்டு. இத விடாமத் தடுக்கணும். எல்லாரும் என்ன செய்வான்? காலப் புடிப்பான், இடுப்பப் புடிப்பான். நான் பாட்டப் புடிப்பேன்.

எப்படின்னா, சிரிக்க வச்சி.

சிரிக்காதிய, நெசம்மாத்தான். நான் எடது கார்னர் ஆடுவேன். பாடி வர்றவன் மொதல்ல எம்மூஞ்சியத்தான் பாக்கணும். சங்கரபாண்டின்னு ஒருத்தன் இருந்தான், ஒசரம் இந்த பஸ்ஸுக் கூர வரைக்கும். அவன் வாரான்னாலே பாதி டீமு கட்டத்து ஓரத்து லாபிக்குப் போயிரும். அவன் பாடும்போது ஊட ஊட மூக்க உறிஞ்சுவான். கபடி கபடி கபடி, ஸ்ர்ர். கபடி கபடி, ஸ்ர்ர். நான் அவனுக்கு எதுக்க நின்னு அதே மாதிரி தோள விரிச்சிக்கிட்டு, அதே மாதிரி கண்ண உருட்டிக்கிட்டு, அவன் உறிஞ்சப் போறதுக்கு ஒரு நொடி முந்தி நான் உறிஞ்சுதேன். அவன் உறிஞ்சல. அடக்குதான். மூக்கு ஒழுகுது. பாடுதான். உறிஞ்சியே ஆவணும். என்னப் பாக்கான். நான் அவனுக்காவ உறிஞ்சுதேன். அவ்வளவுதான் அண்ணாச்சி, ஆளு கட்டத்துக்கு நடுவுல உக்காந்து சிரிக்கான். ரெஃப்ரி அவுட்டு குடுத்துட்டாரு. நான் போயி கையப் புடிச்சித் தூக்கிவிட்டேன். என் ஆயுசுல நான் அவனப் புடிச்சது அந்த ஒரு தடவதான்.

அப்படி ஆடாத டீமு கிடையாது. உப்பளத்துக்காரங்க டீமு, தீப்பெட்டி ஆபீசு டீமு, பஸ்ஸு கம்பெனி டீமு, மில்லு டீமு. கெஸ்ட் பிளேயரா அந்த ஊரு டோர்னமெண்டு, இந்த ஊரு டோர்னமெண்டு. எந்த டீமுலயும் நான் ரெண்டாவது தீவாளி கொண்டாடுனது இல்ல. நானாத்தான் போயிருவேன். அவ்வளவு பேரு கூப்புடுதாம்லா, ஒரே எடத்துல கெடக்க முடியுமா?

மில்லு மேனேசரு என்னப் பத்திச் சொன்னாரு. "சொரிமுத்து, நீ எதிர் டீமுல இருந்தா பெரிய தொந்தரவு, அதான் உன்ன நம்ம பக்கம் எடுத்தோம். இப்பத்தான் தெரியுது, அது சின்னத் தொந்தரவுன்னு." அவ்வளவு மதிப்பு வச்சிருந்தாரு. அந்த வருசம் ஷீல்டு அடிச்சதுக்கு மில்லுல விருந்து வச்சாவ. எல்லாரும் பேசுங்கன்னாவ. எனக்குப் பேச வராது. மேனேசரு எப்படிச் சாப்புடுவாருன்னு செஞ்சி காட்டுனேன். எலைய ஒரு தடவ மோந்து பாத்துட்டு, பொரியல எண்ணிட்டு, பெறகுதான் கைய வைப்பாரு. எல்லாரும் சிரிப்ப அடக்கிக்கிட்டுக் கெடக்கான். அவரு பொண்டாட்டி மட்டும் அடக்கல. அந்தம்மாவுக்குச் சோறு பொறையேறி, தண்ணி குடுத்து, அப்பவும் சிரிக்கா. மறுநாளு எனக்கு மில்லுல சோலி இல்ல. அந்தம்மா சிரிச்சதுக்கு நான் என்ன செய்ய?

இது சாத்தூரா? சாத்தூர்தான். இங்க வண்டி நிக்குமா? நின்னா வெள்ளரிப்பிஞ்சு வாங்கலாம். நிக்காது போல. விடுங்க. ஷட்டரக் கொஞ்சம் எறக்கட்டா? வெயிலு அடிக்கு. வேண்டாம், காத்து வரட்டும்.

பெறகு முட்டி போயிட்டு. வலது முட்டி. டாக்டரு ஃபிலிமத் தூக்கிப் பாத்துட்டு, "இத வச்சிக்கிட்டு நடக்கலாம், ஆடக்கூடாது"ன்னுட்டாரு. வீட்டுல கெடந்தேன். வீட்டுல கெடந்தா நான் என்ன செய்வேன்? எதுத்த வீட்டுக்காரன் எப்படி வண்டிய ஸ்டார்ட் பண்ணுதான், பக்கத்து வீட்டு அக்கா மாமியாக்காரிட்ட எப்படிப் பேசுதான்னு செஞ்சிக்கிட்டு இருப்பேன். மதிலுக்கு இந்தப் பக்கம்தான் செய்வேன், ஆனாலும் கேட்டுருதாவ. செல்லக்கனி, எம்பொண்டாட்டி, "எங்கயாவது போயித் தொலைங்க, இல்லன்னா நம்ம தெருவுல நமக்கு எழவுக்கு ஆளு வராது"ன்னா. அப்பத்தான் பனையடியூர்ல கூப்புட்டாவ.

அங்க கபடிக் கழகச் செயலாளர் ஞானதுரைன்னு ஒரு மொதலாளி. செங்கச்சூள வச்சிருக்காரு. பொம்பளப்பிள்ளைய டீம அவருதான் நடத்துதாரு. நல்ல மனுசன். பேச ஆரம்பிச்சா மட்டும் தொண்ட கட்டும். "அதாவது... க்ரும்... என்னன்னா." என்னய உக்கார வச்சி, "அதாவது... க்ரும்... என்னன்னா, நீரு பழைய ஆட்டக்காரரு, எல்லா டீமும் பாத்தவரு, பிள்ளைகளுக்கு நல்லது கெட்டது சொல்லிக் குடுங்க, வருசம் பூரா இருங்க"ன்னாரு. வருசம் பூரா. என்னய எவனும் அப்படிச் சொன்னதில்ல. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. அதனால அவர மாதிரியே, "அதாவது... க்ரும்... சரிங்க மொதலாளி"ன்னுட்டேன். அவருக்குப் புரியல, நல்லவேள.

அந்த டீமுல வண்டிமலச்சின்னு ஒரு பிள்ள. மலச்சின்னு கூப்புடுவோம். காலேசுல ரெண்டாவது வருசம் படிக்கா. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுதாரு. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போறா. ஒல்லியா வெடுக்குன்னு இருப்பா. அவ பாடிட்டுப் போறத நீங்க பாக்கணும். கரண்டு பில்லு கெட்டப் போற மாதிரி போவா. போவா, தொடுவா, வந்துருவா. தொட்டுட்டோம்னு குதிக்க மாட்டா, தொடையத் தட்ட மாட்டா. பாட்டு ஒரே சீரா இருக்கும், தையல் மிசினு ஓடுத மாதிரி. அப்படி ஒரு பாட்ட நான் ஆம்பளைங்கள்ட்ட கூட கேட்டதில்ல.

ஆனா சிரிக்க மாட்டா.

மொத நாளே தெரிஞ்சிட்டு. பிள்ளைகள வரிசையா நிக்க வச்சி, ஒவ்வொருத்தியும் எப்படி நடக்கா, எப்படி முடியக் கெட்டுதான்னு செஞ்சி காட்டுனேன். எல்லாம் மண்ணுல விழுந்து உருளுது. இவ குனிஞ்சி ஷூ கயித்தக் கெட்டிக்கிட்டு இருக்கா. நிமுந்து பாத்தா. "சார், வார்ம் அப் போவலாமா?"ன்னா.

அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல அண்ணாச்சி.

பெறகு விட்டனா? மொதலாளி மாதிரி பேசிக் காட்டுனேன். ரெஃப்ரி விசில முழுங்குன மாதிரி செஞ்சேன். எங்கிட்ட இருக்கதுலயே பெரிய ஐட்டம் அது, கல்யாண வீட்டுல எல்லாம் கேட்டு வாங்குவாவ. "சார், அத நேத்தே பண்ணிட்டிய"ன்னா. ஒருநாளு அவ அப்பா டிபன் பாக்ஸு குடுக்க வந்துட்டுப் போனாரு. அவரு ஒரு காலத் தாங்கித் தாங்கி நடப்பாரு. அவரு அங்கிட்டுப் போனதும் நான் அதே மாதிரி நடந்து காட்டுனேன். மத்த பிள்ளைய பயந்துபோயி பாக்குது. இவ ஒரு நிமிசம் பாத்தா. "சார், அப்பா வலது காலத் தாங்குவாவ. நீங்க எடது காலத் தாங்குதிய"ன்னுட்டு வெளையாடப் போயிட்டா. தப்பக் கண்டுபுடிச்சிட்டா, சிரிக்கல. அவமானமா போயிட்டு. வீட்டுக்குப் போயி வலது காலு வச்சி நடந்து பழகுனேன். முட்டி வலி வேற.

செல்லக்கனி பாத்துக்கிட்டே இருந்தா. "அந்தப் பிள்ளைய ஏன் இந்தப் பாடு படுத்துதிய?"ன்னா.

"டிரெய்னிங்கு"ன்னேன்.

"அவ ஒருநாளு சிரிச்சிட்டா என்ன செய்விய?"

"சந்தோசப்படுவேன்."

"பெறகு?"

பெறகு என்ன பெறகு? கேள்வி கேக்கா பாருங்க.

டிரெய்னிங்குதான் அண்ணாச்சி அது, வேற இல்ல. எதிர் டீமுல என்ன மாதிரி ஒருத்தி இருந்தா என்ன செய்வா? அதனால அவ கட்டத்துக்குள்ள போகும்போதெல்லாம் நான் வெளிய நின்னு சேட்ட பண்ணிக்கிட்டே இருப்பேன். கோழி மாதிரி, குக்கரு மாதிரி, எதிர் டீம் கோச்சு மாதிரி. அவ பாட்டுக்குப் போவா, தொடுவா, வந்துருவா. அந்த சீசன் பூரா அப்படித்தான் ஜெயிச்சோம். சனமே எங்க ஆட்டத்துக்குன்னு வந்தாவ. பாதிச் சனம் அவளப் பாக்க, பாதி என்னப் பாக்க. முக்கால்வாசி என்னப் பாக்கன்னு மொதலாளியே சொன்னாரு. கோவமாத்தான் சொன்னாரு.

இப்ப ஃபைனலு. போன ஞாயித்துக்கெழம, எட்டயபுரத்துப் பக்கம் ஒரு ஊரு. சாயங்காலம். அரையிறுதில நான் ரெஃப்ரி கையத் தூக்குத மாதிரி தூக்கி, அவரு எனக்கு அட்டையக் காட்டி, கொஞ்சம் சலம்பலாயிட்டு. ஃபைனலுக்கு முந்தி மொதலாளி வந்து எம்பக்கத்துல நின்னாரு. மொகம் சரியில்ல.

"அதாவது... க்ரும்... என்னன்னா, அந்தா வெள்ளத் தொப்பி போட்டு ஒரு மேடம் உக்காந்துருக்காவ பாத்தீரா? சர்க்கார் டீமுக்கு ஆளு எடுக்க வந்திருக்காவ. வேலையோட சேத்து. நம்ம மலச்சியப் பாக்கத்தான் வந்திருக்காவ. இன்னைக்கு ஒருநாளு நீரு வாயத் தொறக்கப்படாது. தொறந்தீர்னா நாளைக்கு நீரு கோச்சு இல்ல."

"கைய மொதலாளி?"

"கையயும்தாம்வே."

"மூஞ்சி?"

"அத என்ன செய்ய, இருந்துட்டுப் போட்டும்."

பாத்தியளா? மூஞ்சிக்கு அவரே பெர்மிசன் குடுத்திருக்காரு. இத நீங்க ஞாபகம் வச்சிக்கிடணும்.

உக்காந்தேன் அண்ணாச்சி. பெஞ்சில உக்காந்து ரெண்டு கையையும் கக்கத்துல சொருகிக்கிட்டேன். விசில வாயில வச்சி கடிச்சிக்கிட்டேன், ஊதல. அப்படி உக்காந்து ஆட்டத்தப் பாத்தா ஆட்டம் வேற மாதிரி இருக்கு. நான் முன்ன பின்ன கபடிய அப்படிப் பாத்ததே இல்ல. நமக்குத்தான் எப்பவும் எதாவது சோலி இருக்கும்லா. ஒரு பிள்ள விழுந்தா, "ஐயோ தலையில பட்டுட்டோ"ன்னு தோணுது. தொட வந்தா, "தொட்டுட்டாளோ"ன்னு தோணுது. சனம் ஒரு நேரம் கத்தும், ஒரு நேரம் அமந்துரும். அமந்தா என்னால தாங்க முடியாது. எனக்கு எப்பவுமே அந்த அமைதி ஆவாது. எங்க அமைதியா இருந்தாலும் எதாவது செஞ்சிருவேன், எழவு வீட்டுலகூட செஞ்சிருக்கேன். அன்னைக்குச் செய்யல. விசிலக் கடிச்சேன். இந்தா பாருங்க, பல்லுத் தடம் இருக்கு பாத்தியளா? சாட்சி.

கடேசி பாட்டு. நம்ம டீமு ஒரு பாயிண்டு பின்னால. மலச்சி போறா. அவ ஜெயிச்சா கோப்ப, அந்த மேடத்துக்கும் திருப்தி, அந்தப் பிள்ளைக்கு வேல. அவ அப்பா லோடு ஆட்டோவ மைதானத்துக்குள்ளயே கொண்டுவந்து நிறுத்தி, அதுமேல ஏறி நிக்காரு. எல்லாம் எனக்குத் தெரியுது. எதுக்கு எனக்குத் தெரியணும்?

அமைதின்னா அப்படி ஒரு அமைதி. அவ பாட்டு மட்டும் கேக்கு. கபடி கபடி கபடி. அவங்க கட்டத்துக்குள்ள கெடக்க போனஸ் கோட்டத் தாண்டிக் காலு வச்சா. ஒரு பாயிண்டு ஆச்சி, சமம். கார்னர் பிள்ள பாய்ஞ்சா, இவ ஒதுங்கி அவ தோளுல ஒரு தட்டு. ரெண்டு ஆச்சி. திரும்பி நடுக்கோட்டுக்கு வரணும். அவ்வளவுதான். ஒரு பிள்ளையும் அவகிட்ட நெருங்க முடியாது. ஒரு எட்டுதான் இருக்கு. பெஞ்சு அந்தப் பக்கம்தான் கெடக்கு. வரும்போது அப்படியே நிமுந்து என்னப் பாத்தா.

சிரிச்சிட்டா.

அண்ணாச்சி, சிரிச்சிட்டா. சும்மா இல்ல, வயித்தப் புடிச்சிக்கிட்டு. அரிசிமூட்டையக் கத்தியால கீறுனா கொட்டுமே, அப்படிக் கொட்டுது. கோட்டுக்கு ஒரு எட்டு இருக்கு, அங்கனயே நின்னு சிரிக்கா. பாட்டு நின்னுட்டு. ரெஃப்ரி விசிலு அடிச்சிட்டாரு, அவுட்டு. எதிர் டீமு பிள்ளைய துள்ளுது. எத்தன மாசமா நான் அந்தச் சிரிப்பக் கேக்கணும்னு அலஞ்சிருக்கேன். கேக்குது. எனக்கு மனசுல ஏறல. நான் இன்னும் கபடி கபடின்னு...

இல்ல, நான் சும்மாதான் இருந்தேன். உக்காந்திருந்தேன்.

விருதுநகர் பைபாஸா இது? நிக்காமப் போறாம்லா. விரசாப் போயிரும். கொஞ்சம் மெதுவாப் போனாலும் ஒண்ணும் இல்ல, என்ன?

மொதலாளி ஓடிவந்தாரு. அன்னைக்கு அவருக்குத் தொண்ட கட்டல. "என்னவே பண்ணுன?"ன்னாரு. ஒண்ணும் பண்ணலன்னேன். "நீ ஒண்ணும் பண்ணாமலா அந்தப் பிள்ள சிரிச்சிது? கல்லு மாதிரி பிள்ள." சத்தியம் பண்ணேன். பக்கத்துல ஒருத்தன் சுக்குக்காப்பி வித்துக்கிட்டு இருந்தான், அவன்ட்ட கேளுங்கன்னேன். அவன் மூஞ்சியப் பாத்தாரு. அவன் சொல்லுதான், "நான் இவரப் பாக்கல மொதலாளி, ஆட்டத்தப் பாத்தேன்"ங்கான். ஊருல எத்தன பேரு என்னப் பாக்கவே வந்தான், அன்னைக்குன்னு பாத்து ஒருத்தனும் பாக்கல. அவரு என்னய அங்கனயே எடுத்துட்டாரு. வீட்டுக்கு வந்து செல்லக்கனிட்ட சொன்னேன். "நீங்க ஒண்ணும் பண்ணலன்னா நம்பணுமா?"ன்னா. கெட்டுன பொண்டாட்டி. நான் பண்ணப்பல்லாம் எடுக்கல, பண்ணாத அன்னைக்கு எடுத்துட்டாவ. இதத்தான் நான் ஆரம்பத்துலயே சொன்னேன்.

அந்தப் பிள்ளையா? அவ மொதலாளிட்ட போயி, "சார் ஒண்ணும் பண்ணல"ன்னு சொல்லத்தான் செஞ்சா. "நல்ல பிள்ள, வாத்தியாரக் காட்டிக் குடுக்க மாட்டேங்கு"ன்னு அவரு போயிட்டாரு. நான் மேடைக்குப் பின்னால அவளப் புடிச்சேன். குழாயடில மொகத்தக் கழுவிக்கிட்டு இருக்கா. சிரிச்சிச் சிரிச்சி விக்கலு எடுக்கு. ஊட அழுகையும் வருது.

"ஏட்டி, எதுக்குச் சிரிச்ச?"ன்னேன். "வேலையே போயிருக்குமே, எதுக்குச் சிரிச்ச?"

"நீங்க பாடிக்கிட்டு இருந்திய சார்"ங்கா.

"நானா?"

"எங்கூட சேந்து. மூச்சு விடாம. விசிலு வாயில இருக்கு, அதுக்குள்ளகூடி கபடி கபடின்னு கீச்சுக் கீச்சுன்னு சத்தம் வருது. கையக் கக்கத்துல வச்சிக்கிட்டு, கண்ணு கலங்கி, மூக்கு வெடச்சி, ஊசி போடப் போற பிள்ள மாதிரி இருந்திய. இன்னைக்கு யார மாதிரி பண்ணுதியன்னு பாத்தேன். யாரு மாதிரியும் இல்ல." திரும்ப விக்கலு வந்துட்டு. "யாரு மாதிரியும் இல்ல சார். அதான் சிரிப்பாணி வந்துட்டு. நீங்க பயந்து நான் பாத்ததே இல்ல."

எப்படிக் கத விடுதா பாருங்க. நானாவது பயப்படுததாவது. சங்கரபாண்டிக்குப் பயப்படாதவன், ஒரு பிள்ள பாடப் போறதுக்குப் பயப்படுவனா? கண்ணு கலங்குச்சாம். அங்க ஃபோகஸ் லைட்டு போட்டுருந்தான், பூச்சி கண்ணுல விழுந்துட்டு. லைட்டுன்னா பூச்சி வரத்தான் செய்யும். பாடுனதுன்னா, அது வாயி பழக்கம். பாட்டுக் கேட்டா வாயி முணுமுணுக்கும்லா, உங்களுக்கும் இருக்கும்.

ஆனா அந்த மேடம் நல்லவங்க. ஆட்டம் முடிஞ்சி மலச்சியக் கூப்புட்டு, "பாட்டு நின்னது பெரிய தப்பு, தெரியும்லா? ஆனா அதுக்கு முந்தி ஆடுனத நான் பாத்தேன். டிரயலுக்கு வா. அங்கயும் பாட்டு நின்னா அவ்வளவுதான்"னு சொல்லிட்டுப் போயிருக்காவ. அதான் இன்னைக்கு. மூணு மணிக்கு. மதுர ஸ்டேடியத்துல.

ஆமா, அந்தச் சோலிதான். நான்தான் சொன்னேன்லா, சின்ன சோலின்னு.

நானாப் போவல. நேத்து ஃபோனு பண்ணுதா. "சார், நாளைக்கு வரியளா?"

"நான் எதுக்கு வரணும்? நான் இப்ப கோச்சும் இல்ல, ஒண்ணும் இல்ல"ன்னேன். "நான் ராசபாளையம் போறேன்."

"போற வழியில வாங்க"ங்கா. அவளுக்கும் வழி தெரியும், என்னையக் கிண்டல் பண்ணுதா. சிரிக்காத பிள்ள கிண்டல் பண்ணுது. பெறகு சொல்லுதா, "வந்தா சும்மா மட்டும் உக்காராதிய சார். அன்னைக்கு மாதிரி உக்காந்தா எனக்குத் திரும்பவும் பாட்டு நின்னுரும். உங்க மூஞ்சி ஞாபகம் வந்தாலே சிரிப்பாணி வருது. எப்பவும் போல சேட்ட பண்ணிக்கிட்டே இருங்க. கோழி, குக்கரு, எதுவேணும்னாலும். அது எனக்குப் பழகிப்போச்சி, காதுல விழாது. அப்பா மாதிரிகூட நடங்க. வலது காலு."

பாருங்க, என் ஆயுசுத் தொழிலே அவ காதுல விழாதாம். இதச் சொல்லி என்னய வரச் சொல்லுதா. வேற எவனும்னா போவானா? நான் சரின்னுட்டேன். ஒரு பிள்ளைக்கு வேல கெடைக்கணும்லா. நமக்கு ஒண்ணும் இல்ல, சேட்ட பண்ணதுக்குக் கூலியா கேக்கப் போறேன்? தூக்கத்துல எழுப்பிவிட்டாலும் பண்ணுவேன்.

கள்ளிக்குடி தாண்டிட்டு. மணி எத்தன அண்ணாச்சி? ஒண்ணரையா? ஒண்ணரதான? உங்க வாட்சு சரியா ஓடுதா? நேரம் இருக்கு. நெறைய இருக்கு. தண்ணி வச்சிருக்கியளா? ஒரு மடக்குப் போதும்.

சும்மா இருக்கதுக்கு ஒரு தடவ பாத்துக்கிடுவோம். மொதலாளி மாதிரி பேசிக் காட்டுதேன், நீங்க பாத்துச் சொல்லுங்க. அதாவது... என்னன்னா... இருங்க. அதாவது. செருமலு வரமாட்டேங்கு. பஸ்ஸுல தூசி. அத விடுங்க, கண்டக்டரு. அது இப்பத்தான் புடிச்சது, மறக்காது. "போறப்ப போவும்." இல்ல, இது மூக்கால வரல. "போறப்ப போவும்." இது நான் பேசுத மாதிரில்லா இருக்கு.

தோளு? ஏறல. சரி, அங்க போனா வந்துரும். சனத்தப் பாத்தா எனக்குத் தானா வந்துரும்.

திருமங்கலம் வந்துட்டா? அவ இந்நேரம் போயிருப்பா. அப்பா லோடு ஆட்டோலயே கூட்டிட்டுப் போறாராம், மதுர வரைக்கும். அந்த ஆட்டோ வழியில நின்னுறாமப் போணும். சாப்புட்டாளோ என்னவோ. ஆடுததுக்கு முந்தி வயிறு முட்டத் தின்னப்படாதுன்னு நான் சொல்லிக் குடுத்தேன், அத மட்டும் பலமாப் புடிச்சிக்கிட்டா. பாட்டு நிக்காது. அந்தப் பிள்ள பாட்டு தையல் மிசினு அண்ணாச்சி, அது நிக்காது. என்னப் பாக்காம இருந்தா நிக்காது. பாத்தாலும் நான் எப்பவும் போல இருந்தா நிக்காது.

அண்ணாச்சி, ஒரு உதவி. இங்க பாருங்க. சரியாப் பாருங்க, வெயிலுல பாருங்க. எம்மூஞ்சி எப்பவும் போலதான இருக்கு? உங்களுக்கு என் எப்பவும் தெரியாது, சரி. ஏறுனப்ப இருந்த மாதிரிதான இருக்கு? சொல்லுங்க.

நீங்க ஏன் சிரிக்கிய? நான் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே.